மல்ட்டி ஃப்யூவல் அடுப்பா, கேஸ் அடுப்பா? லடாக் போகும் தம்பிக்காகப் போட்ட கணக்கு

சித்தப்பா மகனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வருகிற ஜூலையில் லடாக் போகிறார்கள். மார்கா பள்ளத்தாக்கில் ஒரு வாரம் நடப்பதாகத் திட்டம். ஏஜென்சி கிடையாது, குதிரை கிடையாது, சமையலுக்கு ஆள் கிடையாது. முதுகுப் பையில் இருப்பதை வைத்துத் தாங்களே பொங்கிச் சாப்பிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. அடுப்புக்கென்று ஒதுக்கியிருப்பது 7,000 ரூபாய். “அண்ணே, பெட்ரோல், மண்ணெண்ணெய், கேஸ் எல்லாத்துலயும் எரியிற அடுப்பு ஒண்ணு வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுல்ல?” என்று போனில் கேட்டான். முடியாதுடா என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஏன் முடியாது, அப்படியானால் எதை வாங்குவது என்று உட்கார்ந்து யோசித்து எழுதியது இது. நம் பக்கத்திலிருந்து மலைக்குக் கிளம்புகிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நான் காரைக்குடிக்காரன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு வருஷா வருஷம் நடக்கிறேன். இமயமலைப் பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறேன். பழனிப் பாதையில் வழிநெடுக அன்னதானம் உண்டு. அடுப்பு சுமக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, கூட்டத்துக்கு முன்னால் நடையைக் கட்டுகிறவனுக்கு ஒரு வாய்க் கடுங்காப்பி எவ்வளவு பெரிய விஷயம் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காப்பிக்காகத்தான் நான் முதலில் சின்ன அடுப்புகளைத் தேட ஆரம்பித்தேன்.

கடையிலும் விளம்பரத்திலும் பேச்சு அடுப்பிலிருந்துதான் தொடங்கும். எடை இத்தனை கிராம், ஒரு லிட்டர் தண்ணீர் இத்தனை நிமிஷத்தில் கொதிக்கும் என்பார்கள். அதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். போகிற ஊரில் எந்த எரிபொருள் கைக்குக் கிடைக்கும், அதை எப்படி எடுத்துப் போவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி அடுப்புகள் தாமாகவே கழிந்துவிடும்.

காரைக்குடியிலிருந்து பல்லவனில் ஏறிச் சென்னை, அங்கிருந்து டில்லி, அப்புறம் விமானத்தில் லடாக்கின் லே. இந்தப் பாதையில் எரிபொருளைச் சுமந்துகொண்டு போக வழியே இல்லை. எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவுப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2023 ஆகஸ்ட் 26 அன்று அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து கோயில்களைத் தரிசிக்க வந்தவர்கள். பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரை டீ போடப் பற்றவைத்ததில் வந்த வினை. நம்மைப் போல யாத்திரை கிளம்பிய மனிதர்கள்தான் அவர்களும். சின்ன டப்பாதானே, துணிக்குள் சுருட்டி வைத்தால் யாருக்குத் தெரியும் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள்.

விமானத்தில் கேஸ் டப்பா கைப்பையிலும் கூடாது, சரக்கில் போடும் பையிலும் கூடாது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஏற்கெனவே எரித்த அடுப்பு என்றால் அடுப்பையும் பாட்டிலையும் சொட்டு மிச்சமில்லாமல் வடித்து, வாடை போகக் கழுவிக் காயவைத்திருந்தாலும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வாடை வந்தால் வாசலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். ஆக, அடுப்பு இங்கிருந்து போகும், எரிபொருளை அங்கே வாங்கவேண்டும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேஸ்

கேஸ் டப்பாவில் இரண்டு ரகம். ஒன்று நீளமான டப்பா, பார்க்க ஹேர் ஸ்பிரே மாதிரி இருக்கும், 220 கிராம் சொச்சம் பிடிக்கும். மேஜைமேல் வைக்கிற கையடக்க அடுப்புகளில் படுக்கவைத்து மாட்டுவார்கள். விலை குறைவு, ஆன்லைனிலும் கிடைக்கிறது. இன்னொன்று குட்டையாக, அடி அகலமாக, தலையில் திருகுடன் இருக்கும் டப்பா. 100, 230, 450 கிராம் அளவுகளில் வரும். மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவது இதைத்தான். லே, மணாலி மாதிரி ஊர்களில் ட்ரெக்கிங் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிறது.

நீள டப்பாவில் பெரும்பாலும் சுத்த பியூட்டேன். அது கொதித்து ஆவியாவது சுமார் பூஜ்யம் டிகிரியில். அதற்குக் கீழே போனால் டப்பாவுக்குள் திரவமாகவே படுத்துக்கொள்ளும், மேலே எழுந்து வராது. நம் ஊர் வெயிலில் இது பிரச்சினையே இல்லை. ஆனால் பூஜ்யத்துக்கு மேலே இருந்தாலும் குளிரின் வேலை தெரியும். ஒரு வருஷம் நத்தம் தாண்டி, சாலையோரக் களத்துமேட்டில், பனி இறங்கின நேரம். டப்பா பாதிக்கு மேல் காலி. காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் டப்பாவின் உடம்பெல்லாம் முத்து முத்தாக வியர்த்தது, தொட்டால் சில்லென்றிருந்தது. சுவாலை சுருங்கி, விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. ஆவியாகிற கேஸ் தன் சூட்டை டப்பாவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் எரிய எரியக் குளிர்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு டப்பாவைக் கழற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். மறுபடி மாட்டியதும் எரிந்தது. தை மாசத்து நத்தத்திலேயே இந்தப் பாடு என்றால் லடாக்கின் ராத்திரிக்குச் சொல்லவே வேண்டாம்.

திருகு டப்பாவில் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். ஐசோபியூட்டேன் சுமார் மைனஸ் 12 டிகிரி வரையிலும், புரொப்பேன் மைனஸ் 42 வரையிலும் ஆவியாகும். ஜூலை மாத லடாக்குக்கு இந்தக் கலவை தாராளம். டப்பாவின் பக்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்கவேண்டும்.

இதற்கான அடுப்பு சல்லிசு. டப்பாவின் தலையிலேயே திருகுகிற ரகம் ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. டைட்டானியத்தில் செய்த பிஆர்எஸ்-3000டி வெறும் 25 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஆள் ஒரு டம்ளர் காப்பி போட இதைவிட வேறு வேண்டாம். ஆனால் மூன்று பேருக்குச் சமைக்க நான் இதைச் சொல்லமாட்டேன். பாத்திரம் தாங்கும் கம்பிகள் குட்டை. இரண்டு லிட்டர் பாத்திரத்தை அதன்மேல் வைத்துக் கிளறினால் டப்பா, அடுப்பு, சோறு மூன்றும் சேர்ந்து சாயும். காற்றுக்குத் தடுப்பு வைக்கவும் முடியாது. சுற்றிலும் தகரம் வைத்து மூடினால் சூடு டப்பாவுக்கே திரும்பி, டப்பா வெடிக்கலாம். மூன்று பேருக்கு, தரையில் கால் பரப்பி நிற்கிற, டப்பாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாகக் கேஸ் போகிற ரகம்தான் சரி. அதைச் சுற்றித் தடுப்பு வைக்கலாம், டப்பா தள்ளி இருக்கும். எடை கூடும், விலையும் இரண்டு மூன்று மடங்கு ஆகும். அப்படியும் 7,000-க்குள் நல்லதாகவே வரும்.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்கிறேன். காலி டப்பாவில் வீட்டுச் சிலிண்டரிலிருந்து கேஸ் பிடித்துக்கொள்ள ஒரு அடாப்டர் விற்கிறார்கள், செய்துகாட்டும் வீடியோக்களும் உண்டு. செய்யாதீர்கள். வீட்டு எல்பிஜியில் புரொப்பேன் அதிகமாக இருக்கலாம், அதன் அழுத்தம் பியூட்டேனுக்கென்று செய்த மெல்லிய தகர டப்பா தாங்குகிற அழுத்தத்தைவிடக் கூட. எவ்வளவு ஏறியது என்று பார்க்கவும் வழியில்லை. முழுக்க நிரம்பிய டப்பா வெயில் பட்டால் திரவம் விரிய இடமிருக்காது.

மண்ணெண்ணெயும் பெட்ரோலும்

தம்பி கேட்ட மல்ட்டி ஃப்யூவல் அடுப்பு இந்த வகை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசவேண்டும், ஏனென்றால் இது புதுசு இல்லை. நம் வீட்டில் இருந்த பித்தளை பம்ப் ஸ்டவ்தான். ஸ்வீடனில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் செய்த பிரைமஸ் அடுப்பின் வம்சம். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் அப்பத்தா வைத்திருந்த ஸ்டவ் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பார். மஞ்சள் சுவாலை பர்னரைச் சுற்றி நக்கிக்கொண்டு எரியும். அது அடங்கப் போகிற நேரம் பார்த்துத்தான் பம்பு அடிக்கவேண்டும். முன்னாலேயே அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீய்ச்சி, ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும். சரியான நேரத்தில் அடித்தால் ‘ஹோ’ என்று சத்தம் பிடித்து நீலமாக நிற்கும். தீ ஒரு பக்கமாக இழுத்தால் ஸ்டவ் பின் எடுத்து, ஆவி வெளியே வரும் ஊசித் துளையான நாசிலில் ஒரு குத்து. பம்பு காற்றுப் பிடிக்கவில்லையென்றால் தோல் வாஷர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம், இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

இன்றைய மலையேற்ற அடுப்பிலும் இதே வேலைதான். தொட்டிக்குப் பதில் அலுமினிய பாட்டில், அதில் சொருகுகிற பம்பு, அங்கிருந்து ஒரு குழாய். அந்தக் குழாய் சுவாலைக்குள் ஒரு சுற்றுப் போய் வரும், அதிலேயே எண்ணெய் ஆவியாகி நாசிலுக்கு வரும். முன்சூடு கொடுப்பது, பின் குத்துவது, வாஷருக்கு எண்ணெய் போடுவது எதுவும் மாறவில்லை. பம்ப் ஸ்டவ் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பாதி தெரிந்த வித்தை. தம்பி பிறந்தபோது எங்கள் வீட்டில் சிலிண்டர் வந்துவிட்டது. அவன் பம்ப் ஸ்டவ் எரிந்து பார்த்ததே இல்லை, என் கவலை அதுதான்.

‘எல்லாவற்றிலும் எரியும்’ என்பதன் உண்மை என்னவென்றால், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எரியாது. நாசில் துளையின் அளவு எரிபொருளுக்கு ஏற்ப மாறவேண்டும். பிரைமஸ் நிறுவனத்தின் ஆம்னிஃப்யூவல் அடுப்புடன் மூன்று நாசில் வருகிறது: கேஸுக்கு 0.45 மில்லிமீட்டர், ஒயிட் கேஸ் என்கிற சுத்திகரித்த நாப்தா திரவத்துக்கும் பெட்ரோலுக்கும் 0.37, மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் 0.28. மாற்றாமல் பெட்ரோல் நாசிலில் மண்ணெண்ணெய் விட்டால் புகையும் கரியும்தான். எம்எஸ்ஆர் நிறுவனத்தின் விஸ்பர்லைட் இன்டர்நேஷனல் அடுப்பு ஒயிட் கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றுக்குமானது, டீசலுக்கும் கேஸ் டப்பாவுக்கும் ஆகாது. அதே நிறுவனத்தின் எக்ஸ்ஜிகே டீசலையும் எரிக்கும், ஆனால் தணலைக் குறைத்துச் சோறு பொங்க அது ஒத்துவராது. பனியை உருக்கத்தான் அது. இவையெல்லாம் இறக்குமதி வரியோடு நம் கைக்கு வரும்போது தம்பியின் 7,000-ஐப் போல இரண்டு மடங்காவது ஆகும். சீனத் தயாரிப்பான பிஆர்எஸ்-8 மாதிரி அடுப்புகள்தான் அந்தப் பணத்தை ஒட்டி வருபவை. பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், திருகு டப்பா எல்லாம் ஏற்கும். எடை அரைக் கிலோவை ஒட்டி, பாட்டில் தனி. வாங்கும்போது நாசில், பின், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஆகிய மாற்று உதிரிகள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். காரைக்குடி இரும்புக் கடைகளில் பித்தளை ஸ்டவ்வுக்கான வாஷர் இன்றும் தேடினால் கிடைக்கும், இவற்றுக்கான ஓ-ரிங் கிடைக்காது.

எரிபொருள்களில் எனக்கு மண்ணெண்ணெய்மேல்தான் நம்பிக்கை. சிந்தினால் உடனே பற்றாது. 38 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அதன் ஆவி தீயைப் பிடிக்கும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், தீக்குச்சி கிழித்த இடத்துக்கு அது தேடி வரும். மண்ணெண்ணெயின் குறை, முன்சூடு ஆக நேரம் பிடிக்கும், கையில் பட்ட வாடை மறுநாள் வரை போகாது, பாத்திரம் கறுக்கும். அப்புறம் கிடைப்பது. ரேஷன் கடையில் கொடுக்கும் அளவு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. லடாக்கில் ஊர் ஊராகக் கேட்டு அலைய நேரம் இருக்காது. பங்கில் எப்போதும் இருப்பது பெட்ரோலும் டீசலும். அந்தப் பெட்ரோலும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. வண்டி இன்ஜினுக்காகச் சேர்க்கிற மற்ற சங்கதிகளும் அதில் உண்டு, அவை குழாய்க்குள் கரியாகப் படியும். பாட்டிலில் ஊற்றித் தரமாட்டோம் என்று சொல்கிற பங்குகளும் நிறைய.

கரி படிந்தால் என்ன ஆகும் என்பதை இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டியில் அனுபவித்தேன். பெயர் தெரியாத ஒரு மலிவு அடுப்பு, வழியில் பிடித்த பெட்ரோல். மூன்றாம் நாள் சாயங்காலம் நாசில் அடைத்துக்கொண்டது. பின் இல்லை, பெட்டியோடு வந்த பின்னை எங்கேயோ தவறவிட்டிருந்தேன். தையல் ஊசியை விட்டுப் பார்க்கலாம் என்றால் துளைக்கு அது ரொம்பப் பருமன், திணித்தால் துளை பெரிதாகி அடுப்பே வீணாகும். கடைசியில் போன் சார்ஜர் வயரை ஒரு சாண் நறுக்கி, ரப்பரை உரித்து, உள்ளே தலைமுடி மாதிரி இருந்த செம்புக் கம்பிகளில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தேன். கை விறைத்துப் போயிருந்தது. நாசிலை டார்ச் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அந்த இழையை நுழைத்து உருட்டி உருட்டி எடுத்ததில் மணல் பருக்கை அளவு கரி ஒன்று வெளியே வந்தது. துளை வழியாக வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிந்தபோதுதான் மூச்சு வந்தது. அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு ரவைக் கஞ்சி குடித்தோம். அதன்பிறகு மூன்று பின் வாங்கி, ஒன்றைப் பையிலும் ஒன்றை மணிபர்ஸிலும் ஒன்றை அடுப்புறையிலும் வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிட்டும் மாத்திரையும்

ஸ்பிரிட் அடுப்பு என்பது ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம், அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் ஒன்றுமே இல்லை. சத்தமும் இல்லை. ஆனால் ஸ்பிரிட்டில் இருக்கிற எத்தனாலின் சூடு கிலோவுக்குச் சுமார் 27 மெகாஜூல். மண்ணெண்ணெய் 43, கேஸ் 46. சுமக்கிற எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் கை வெந்துவிடும். நம் ஊரில் கடைக்குப் போய் ஸ்பிரிட் கேட்டால் எளிதாகவும் கிடைக்காது. மெத்தனால் கலந்த சாராயத்தால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அத்தனை உயிர் போனபிறகு, இந்தப் பொருளைப் பெயரில்லாத பாட்டிலில் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹெக்ஸமின் மாத்திரை, அதாவது பற்றவைத்து எரிக்கிற கெட்டி எரிபொருள், ஒரு டம்ளர் வெந்நீருக்குப் போதும், மூன்று பேர் சோற்றுக்கு அது கணக்கிலேயே வராது.

சுள்ளி

செலவே இல்லாத எரிபொருள் இது. சிவகங்கைச் சீமையில் கண்ணுக்கு எட்டிய தூரம் சீமைக் கருவேலம். கரிமூட்டம் போடுகிறவர்கள் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். விரல் பருமனில் காய்ந்த கருவேலச் சுள்ளி நான்கு, ஒரு கொட்டாங்கச்சி, பனையோலைக் கிழிசல் ஒன்று. இதற்கு மேல் ஒரு காப்பிக்கு வேண்டாம். இரட்டைச் சுவர் வைத்த தகர அடுப்புகள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்கு வருகின்றன. கீழே நுழைகிற காற்று இரண்டு சுவருக்கும் நடுவில் சூடாகி மேல் துளைகள் வழியாக வந்து புகையையும் எரித்துவிடும். பிடித்துக்கொண்டபின் புகையே தெரியாது. அதே அடுப்புக்குள் ஸ்பிரிட் கிண்ணத்தை வைத்தும் எரிக்கலாம் என்பதால் இதையும் மல்ட்டி ஃப்யூவல் என்று விற்கிறார்கள். பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டு ஏற்றினால் கரி ஒட்டாது, கழுவும்போது சாம்பலோடு போய்விடும். எங்கள் வீட்டில் விறகடுப்புக் காலத்தில் தினமும் செய்தது.

கண்மாய்க் கரையில், சொந்தத் தோப்பில், சைக்கிள் பயணத்தில் எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் காட்டுக்குள் கூடவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டு வனங்களில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்படி ஏற்பாடு செய்திருக்கிறது. நம் மாநிலத்துக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு அடுப்பே வேண்டாம், கட்டுச்சோறு போதும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு பகலுக்கு எந்த அடுப்பைவிடவும் மேல். மார்கா பள்ளத்தாக்கும் ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. அந்த வறண்ட மண்ணில் இருக்கிற புதரும் அங்குள்ளவர்களுக்கே பற்றாது.

மூன்று பேர், ஏழு நாள்

இப்போது தம்பியின் கணக்கு. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அவர்கள் தாண்டப் போகும் கொங்மாரு லா கணவாய் 5,200 மீட்டருக்கு மேல், அங்கே இன்னும் குறைவு. துவரம் பருப்பு வேகவே வேகாது, அரிசி நடுவில் நறுக்கென்று நிற்கும். ஒன்றரை லிட்டர் குக்கர் எடுத்துப் போகவேண்டும், இல்லையென்றால் அவல், ரவை, சேமியா என்று போய்விடவேண்டும். நான் இரண்டாவதைச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போகும்.

டீ, கஞ்சி, குடிக்க வெந்நீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கொதிக்கவைப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து டிகிரித் தண்ணீரை 88-க்குக் கொண்டுபோக லிட்டருக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். பாதிச் சூடு காற்றில் போகும் என்றால் 700. மண்ணெண்ணெயில் 16 கிராம், கேஸில் 15 கிராம், ஸ்பிரிட்டில் 26 கிராம். ஏழு நாளுக்கு 35 லிட்டர். காற்று, முன்சூடு, கவனக்குறைவு எல்லாவற்றுக்கும் பாதி கூட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் ஒரு லிட்டரும் கொஞ்சமும். கேஸ் 800 கிராம், அதாவது 230 கிராம் டப்பா நான்கு. காலி டப்பா ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம், அதையும் திரும்பச் சுமந்து வரவேண்டும். திரவ அடுப்பு அரைக் கிலோ கூடுதல், பாட்டில் ஒன்றிரண்டு. கூட்டிக் கழித்தால் இரண்டும் எடையில் ஏறக்குறைய சரிக்குச் சரி. இரண்டு வாரம் என்றால் மண்ணெண்ணெய் ஜெயிக்கும், இரண்டு நாள் என்றால் கேஸ் ஜெயிக்கும்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இது. லேயில் திருகு டப்பா கிடைக்கிறது. சீசனில் தீர்ந்துபோவதும் உண்டு, அதனால் போய் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கடைக்குப் போன் போட்டு நான்கு டப்பா எடுத்துவைக்கச் சொல். குழாய் வைத்த கேஸ் அடுப்பை வாங்கு. மிச்சப் பணத்தில் நல்ல காற்றுத் தடுப்பும் மூடியுள்ள பாத்திரமும் வாங்கு, அவைதான் எரிபொருளை மிச்சப்படுத்தும். மலையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஊர், ஒரு வாரம் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. எதில் சமைத்தாலும் கூடாரத்துக்குள் மூடிக்கொண்டு சமைக்காதே. கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது, தூக்கம் வருகிற மாதிரித்தான் இருக்கும்.

அவன் விடவில்லை. “அடுத்த வருஷம் ஸ்பிட்டி, அதுக்கடுத்து சைக்கிள்ல நேபாளம் போறோம்ணே. அதுக்கும் இதே அடுப்பு ஆகணும்ல?” என்றான். அப்படியென்றால் கதை வேறு. வருஷா வருஷம் போகிறவனுக்கு, டப்பா கிடைக்காத ஊரிலும் பங்க் இருக்கும் என்பது பெரிய பலம். கேஸ் டப்பாவும் மாட்டி, திரவமும் விடக்கூடிய மலிவு மல்ட்டி ஃப்யூவல் அடுப்பை அவன் வாங்கலாம். டப்பா கிடைக்கிற வரை டப்பா, கிடைக்காதபோது பெட்ரோல். ஆனால் அதைக் கொளுத்தத் தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டு 4,000 மீட்டரில் நிற்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

ஆகவே ஒரு நிபந்தனை வைத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். வீட்டு நடுமுற்றமான வளவில், மேலே திறந்த இடத்தில், என் அடுப்பில் மண்ணெண்ணெய் விட்டு அவனே பற்றவைக்கவேண்டும். நாசிலைக் கழற்றி மாட்டவேண்டும், பின் குத்தவேண்டும். நான்காம் ஞாயிறு, மஞ்சள் தீ ஒரு சாணுக்கு மேல் எழும்பாமல் நீலத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மல்ட்டி ஃப்யூவல். இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் கேஸ்.

இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. முதல் வாரம் கிண்ணம் வழிய எண்ணெய் விட்டுவிட்டான், தீ தூண் உயரத்துக்குப் போய் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் கரி படிந்தது. ஈர மணலை அள்ளிப் போட்டு அணைத்தோம். போன வாரம் அளவு சரியாக இருந்தது, ஆனால் அவசரப்பட்டு வால்வைச் சீக்கிரம் திறந்துவிட்டான். உடனே மூடிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், சுவாலை அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து மறுபடி திறந்தான். ‘ஹோ’ என்ற அந்தச் சத்தம் வந்தது. பட்டாலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எட்டிப் பார்த்து, “சத்தம் போதாது, இன்னும் நாலு அடி அடி” என்றார்.